முப்பது ஆண்டுகள் உறங்கிய ஆய்வேடு

செல்லரித்த ஏட்டில் ஓரெழுத்து மறைந்துபோனாலும், வெண்பாவின் எதுகையும் தளையும் அதை மீட்டெடுக்கப் பதிப்பாசிரியருக்குத் துணைநிற்கின்றன. செய்தியோடு கூடுதலாகச் சேர்ந்திருக்கும் ஓர் ஒழுங்கு செய்தியைக் காக்கிறது. பிழைதிருத்தும் குறியீடுகளின் அடிப்படையும் இதுவே எனலாம்.

இரைச்சல் மிகுந்த தடத்திலும், அதன் கொள்ளளவுக்கு உட்பட்ட வேகத்தில், பிழையை நாம் விரும்புமளவு குறைத்துச் செய்தி அனுப்ப இயலும் என்று 1948-இல் கிளாட் ஷானன் மெய்ப்பித்தார். அதற்குரிய குறியீடுகள் உண்டு என்று நிறுவினாரேயன்றி, நடைமுறைக்கு உகந்த ஒன்றை அவர் அமைத்துக் காட்டவில்லை. 1950-இல் ரிச்சர்டு ஹாமிங், நான்கு பிட்டுகளுடன் மூன்று சரிபார்ப்புப் பிட்டுகளைச் சேர்த்து ஒரு பிழையைத் திருத்தும் வழியைத் தந்தார். ஷானனின் எல்லையோ எட்டாத தொலைவிலேயே இருந்தது.

இந்நிலையில்தான் எம்.ஐ.டி.யில் பீட்டர் இலையாஸின் வழிகாட்டலில் பயின்ற இராபர்ட் கேலகர், 1960-இல் தம் முனைவர் பட்ட ஆய்வேட்டை அளித்தார். நீண்டதொரு செய்தியைப் பல சமன்பாடுகளால் பிணைக்க வேண்டும். ஆனால் ஒவ்வொரு சமன்பாட்டிலும் மிகச் சில பிட்டுகளே இடம்பெற வேண்டும். பெறும் கருவி முதலில் ஒவ்வொரு பிட்டையும் ஊகிக்கிறது. சமன்பாடுகள் அவ்வூகங்களை ஒப்பிட்டு, எது பொருந்தவில்லை என்று திருப்பிச் சொல்கின்றன. சுற்றுக்குச் சுற்று ஐயம் தேய்ந்து செய்தி தெளிகிறது.

1963-இல் இது நூலாகவும் வந்தது. ஆயினும் அன்றைய கணினிகளுக்கு இக்கணக்கு பெருஞ்சுமை. அறிஞர்களின் கவனம் இயற்கணிதக் குறியீடுகளின்பால் சென்றது. 1981-இல் மைக்கேல் டானர் இக்கருத்தை வரைபட வடிவில் விரித்தெழுதியபோதும் பலர் திரும்பிப் பார்க்கவில்லை.

1993-இல் பிரான்சைச் சேர்ந்த குளோது பெரூவும் உடனாய்வாளர்களும் 'டர்போ' குறியீடுகளை அறிவித்தனர். ஷானனின் எல்லையை அவை ஏறத்தாழத் தொட்டுவிட்டன. திரும்பத் திரும்ப ஊகித்துத் திருத்துவதே அவற்றின் உயிர்நாடி. அதன்பின், டேவிட் மக்காய், ராட்ஃபோர்டு நீல் ஆகியோரின் ஆய்வுகள் வழியாகக் கேலகரின் குறியீடுகள் மீண்டும் வெளிச்சத்துக்கு வந்தன. இன்று ஐந்தாம் தலைமுறைக் கைப்பேசிகளின் தரவுத் தடங்களில் இயங்குபவை அவற்றின் வழித்தோன்றல்களே. 2020-இல் கேலகருக்கு ஜப்பான் பரிசு வழங்கப்பட்டது.

வெளிவந்த பத்தாண்டுக்குள் பயனை எடைபோட்டிருந்தால் இந்த ஆய்வேடு தேறியிருக்காது. இன்றோ, குறியீட்டியலில் முதுநிலை ஆய்வு செய்யும் மாணவர்கள் தவறாமல் வந்துசேரும் இடம் அது. ஆராய்ச்சிக்கு உடனடிப் பயனென்ன என்று கேட்போரிடம் நாம் இவ்வரலாற்றைத்தான் எடுத்துக்காட்ட வேண்டியிருக்கிறது.