லாகூர்ச் சிறையில் ஒரு வினா

உடுமலைப்பேட்டைத் தோழர்களிடம் பகத்சிங் யார் என்று கேட்டால், 1929 ஏப்ரல் 8ஆம் நாள் டெல்லிச் சட்டசபையில் குண்டு வீசியவன் என்பார்கள். 1931 மார்ச் 23ஆம் நாள் இருபத்து மூன்று வயதில் தூக்குமேடை ஏறியவன் என்பார்கள். உண்மைதான். ஆனால் குண்டுக்கும் கயிற்றுக்கும் முன்னதாகவே அவன் தன் உள்ளத்தோடு நடத்திய போர் ஒன்று உண்டு. அதை எத்தனை பேர் அறிவர்?

1927 மே மாதம். பகத்சிங்குக்கு வயது பத்தொன்பது. லாகூரில் பிடித்து, இரயில்வே போலீசாரின் கொட்டடியில் ஏறத்தாழ ஒரு மாதம் அடைத்தார்கள். கூட்டாளிகளைக் காட்டிக் கொடு, விடுதலை மட்டுமல்ல, பரிசும் உண்டு என்றார்கள். அவன் மசியவில்லை. அப்படியானால் தசராக் குண்டு வழக்கில் தூக்குதான் என்று மிரட்டினார்கள். மிரட்டியவர்களே பிறகு பரிவும் காட்டினார்கள்: காலையும் மாலையும் கடவுளைத் தொழு தம்பி, என்று! கொல்லத் துணிந்த ஆட்சிக்குக் கைதியின் ஆன்மாவின்மேல்தான் எத்தனை அக்கறை!

வேடிக்கையாகத் தோன்றும் இந்த அறிவுரைதான் அவனை உலுக்கியது. அவன் யார்? ஆரிய சமாஜப் பற்றுள்ள பாட்டனாரின் பேரன். பள்ளி விடுதியில் காயத்ரி மந்திரத்தை மணிக்கணக்கில் உருப்போட்ட பையன். லெனினையும் மார்க்சையும் பகூனினையும் படித்து, 1926 முடிவதற்குள் கடவுள் இல்லை என்ற தெளிவுக்கு வந்தவன். படித்துப் பெற்ற தெளிவு வேறு; கயிறு கண்முன் ஆடும்போது நிற்கிற தெளிவு வேறு. காக்கோரி வழக்கில் அவ்வாண்டு டிசம்பரில் தூக்கிலிடப்பட்ட நால்வரும் அஞ்சா நெஞ்சினர். அவர்கள்கூடக் கடைசி நாளைப் பிரார்த்தனையில் கழித்தார்கள் என்று அவனே பின்னாளில் எழுதினான். அமைதிக் காலத்தில் நாத்திகம் பேசியவன் இப்போதும் அதில் நிற்பானா? எண்ணி எண்ணிப் பார்த்தான். தொழுவதில்லை என்று முடிவு செய்தான்.

நம்பிக்கை துன்பத்தைத் தணிக்கும், அது இல்லாதவன் தன் காலிலேயே நின்றாக வேண்டும், அது எளிதன்று என்பதையும் அவன் மறைக்கவில்லை. மேடை நாத்திகர் சிலர் இவ்வளவு நேர்மையாகப் பேசுவதில்லை.

மூன்றாண்டுக்குப்பின் புயல் மீண்டும் வந்தது, இம்முறை வீட்டிலிருந்து. சாண்டர்ஸ் கொலை வழக்கில் மகனைக் காக்கத் தந்தை கிஷன்சிங் சிறப்பு நீதிமன்றத்துக்கு விண்ணப்பம் போட்டார். பெற்ற மனம்! மகனோ கொதித்தான். தன்னைக் கேளாமல் செய்த இச்செயல் முதுகில் குத்தியது போன்றது என்று 1930 அக்டோபர் 4ஆம் நாள் தந்தைக்குக் கடிதம் எழுதினான். அடுத்த இரு நாள்களில் எழுதியதுதான் 'நான் நாத்திகன் ஏன்?' என்னும் கட்டுரை. புகழ் தலைக்கேறியதால்தான் கடவுளை மறுக்கிறான் என்று நண்பர் சிலர் சொன்னதற்கு விடை அது. சினந்து மறுக்கவில்லை அவன். எனக்கு உண்மையிலேயே ஆணவமா என்று தன்னையே கூண்டில் ஏற்றி விசாரிக்கிறான். 7ஆம் நாள் தூக்குத் தீர்ப்பு வந்தது.

அவன் மாண்ட ஆறாம் நாள், மார்ச் 29இல், 'குடி அரசு' ஏட்டில் பெரியார் அவன் கொள்கையைப் போற்றித் தலையங்கம் தீட்டினார். கட்டுரையோ 1931 செப்டம்பரில் லாகூரின் 'பீப்பிள்' இதழில் வெளிவந்தது. சில ஆண்டுகளில் அது தமிழாகி ஈரோட்டில் நூலாயிற்று. ஈரோடும் உடுமலைப்பேட்டையும் அன்று ஒரே கோவை மாவட்டம். லாகூர்க் கொட்டடியின் குரல் தமிழ் பேசியது இந்தக் கொங்கு மண்ணில்தான்.

தமிழாக்கியவர் ப. ஜீவானந்தம். பகத்சிங் பிறந்த அதே 1907இல் பிறந்தவர். அவரையும், நூலை வெளியிட்ட பெரியாரின் தமையனார் ஈ.வெ. கிருஷ்ணசாமியையும் அரசு கைது செய்தது. அடக்குமுறைக்கு இயக்கத்தைப் பலி கொடுக்கலாகாது என்று கருதிய பெரியார், மன்னிப்பு எழுதிக் கொடுத்து வெளிவரச் சொன்னார். எழுதிக் கொடுத்தார்கள், வெளிவந்தார்கள். மன்னிப்பே கேளாதவனின் எழுத்தைத் தமிழாக்கிய கைக்கு அந்தக் கடிதம் எப்படிக் கனத்திருக்கும்! சமதர்மத் தோழர்களிடையே மூண்ட கசப்பு ஆறவில்லை. ஜீவா பிரிந்து, பொதுவுடைமை இயக்கத்துக்குப் போனார்.