கோடு எங்கே போடுவது?

போன வாரம் ராத்திரி பத்து மணிக்கு மகள் லேப்டாப்போடு வந்து நின்றாள். இங்கே புனேயில் இன்ஜினியரிங் இரண்டாம் வருஷம்.

"அப்பா, ஃபிரெண்ட்கிட்ட கேட்டு அசைன்மென்ட் பண்ணா ஹெல்ப்புங்கறாங்க. ஏஐகிட்ட கேட்டா மட்டும் காப்பியா? எங்கதான்பா கோடு போடறது?"

சட்டென்று பதில் வரவில்லை. இருபத்தைந்து வருஷமாக மென்பொருளில் குப்பை கொட்டுபவனுக்கே இந்த நிலைமை! அப்புறம் உட்கார்ந்து யோசித்தால், இந்தக் கேள்விக்குக் கிட்டத்தட்ட என் வயசு.

1976-இல் அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தில் கார்ல் ஆட்டன்ஸ்டைன் என்பவர், மாணவர்களின் ஃபோர்ட்ரான் புரோகிராம்களில் காப்பியைப் பிடிக்க ஒரு வழி சொன்னார். நாலே எண்கள். எத்தனை வகை ஆபரேட்டர், எத்தனை வகை ஆபரண்ட், ஒவ்வொன்றும் மொத்தம் எத்தனை தடவை. இரண்டு பேருக்கு நாலும் அப்படியே ஒத்துப்போனால் சந்தேகம். வேரியபிள் பெயரை மாற்றினாலும் எண்ணிக்கை மாறாதே. ஆனால் வேண்டாத இரண்டு வரியைச் சேர்த்தால் போதும், தப்பித்துவிடலாம்.

அந்த ஓட்டையை அடைத்தது 1994-இல் பெர்க்லியில் அலெக்ஸ் ஐக்கன் உருவாக்கிய 'மாஸ்' (நம்ம ஊர் ஹீரோ மாஸ் இல்லை, இது ஒரு சுருக்கப் பெயர்). புரோகிராமைச் சின்னச் சின்னத் துண்டாக்கி, ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு எண் கொடுத்து, அதில் சிலதைக் கைரேகை மாதிரி எடுத்து வைத்து ஒப்பிடும். பெயரை மாற்றினாலும், நடுவில் வரி சேர்த்தாலும், மீதித் துண்டுகள் காட்டிக் கொடுத்துவிடும். வாத்தியாரே கொடுத்த பகுதியைக் கழித்துவிடவும் வசதி உண்டு. ஆனால் மாஸ் காட்டுவது ஒற்றுமையை மட்டும்தான். அது காப்பியா இல்லையா என்பதை மனுஷன்தான் பார்த்து முடிவு செய்ய வேண்டும்.

பிடிப்பது ஒரு பக்கம். எதுவரை உதவி வாங்கலாம் என்று சொல்வதுதான் கஷ்டமான பக்கம்.

சில பல்கலைக்கழகங்களில் 'கில்லிகன்ஸ் ஐலண்ட்' விதி என்று ஒன்று உண்டு. அது 1960-களில் வந்த ஒரு டிவி காமெடித் தொடர். நண்பர்களோடு எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம். ஆனால் குறிப்பு எதையும் எடுத்துப் போகக் கூடாது. அரை மணி நேரம் அந்த மாதிரி மூளைக்கு வேலையில்லாத ஒன்றைப் பார்த்துவிட்டு, பிறகு தனியாக உட்கார்ந்து எழுத வேண்டும். அதற்கப்புறமும் மண்டையில் நிற்பது உங்களுடையது. நம் கணக்கில் ஒரு எபிசோட் மெகா சீரியல்.

ஹார்வர்டின் சிஎஸ்50 வகுப்பு இன்னும் எளிமையாகச் சொன்னது: உதவி கேட்கும்போது உன் புரோகிராமை மற்றவருக்குக் காட்டலாம், அவருடையதை நீ பார்க்கக் கூடாது. 2014-இல் அங்கே இன்னொன்றும் சேர்த்தார்கள். தப்பு செய்தவர் 72 மணி நேரத்துக்குள் தானே வந்து ஒப்புக்கொண்டால், அந்த அசைன்மென்டுக்கு மார்க் போகலாம். ஆனால் மறுபடி மறுபடி செய்யாதவரை மேலிடத்துக்குப் புகார் போகாது.

2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்தது. 2023-இல் அதே வகுப்பு வெளி ஏஐகளைத் தடுத்து, தானே ஒரு ஏஐ வாத்தைக் கொடுத்தது. விடையைத் தூக்கிக் கொடுக்காமல் வழி மட்டும் காட்டுகிற வாத்து! ஆள் மாறினாலும் கோடு மாறவில்லை பாருங்கள். உன் தப்பை அடுத்தவரிடம் காட்டு, அடுத்தவர் விடையைத் தூக்கி வராதே. அந்த அடுத்தவர் நண்பனானாலும் சரி, ஏஐ ஆனாலும் சரி.

மகளிடம் இதைச் சொன்னேன். "நீ காலேஜ்ல காப்பியே அடிச்சதில்லையாப்பா?" என்று திருப்பினாள்.

அடித்திருக்கிறேன். 1997, சி லேப். லிங்க்டு லிஸ்ட் புரோகிராமை ரூம்மேட்டின் ஃபிளாப்பியிலிருந்து எடுத்து, பெயர்களை மட்டும் மாற்றி ரெக்கார்டில் எழுதிவிட்டேன். வைவாவில் எக்ஸ்டர்னல் ஒரு வரியைத் தொட்டு, "இதை எடுத்துட்டா என்னப்பா ஆகும்?" என்றார். முழித்தேன். உடனே அதே புரோகிராம் வைத்திருந்த அவனையும் கூப்பிட்டார். இரண்டு பேருக்கும் மார்க் போனது. ராத்திரி கண்விழித்து எழுதியவன் அவன். நான்தான் எடுத்தேன் என்று வாய் திறந்து சொல்லவில்லை. அவனும் என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை.

மகள் ஒன்றும் சொல்லவில்லை. உள்ளே போய்க் கொஞ்ச நேரம் கழித்து வந்தாள். "எங்க தப்புன்னு மட்டும் சொல்லுப்பா. நீ டைப் பண்ணாத."

72 மணி நேரக் கெடு எனக்கு எப்போதோ தாண்டிவிட்டது. அவன் இப்போது கோயமுத்தூரில் இருக்கிறான். இந்த ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணலாம் என்றிருக்கிறேன்.