கணைய அழற்சியும் மஞ்சளும்: ஆய்வுகள் சொல்வது என்ன?

காஜாங் சந்தையில் கிழங்காக விற்கும் மஞ்சள், மருந்துக் கடைகளில் குர்குமின் மாத்திரையாகவும் கிடைக்கிறது. மூட்டு வலி, இனிப்பு நீர் என்று பலவற்றுக்கும் அதைச் சிபாரிசு செய்பவர்கள் கணையத்துக்கும் நல்லது என்கிறார்கள். அதில் உண்மை உண்டு, பாதி அளவுக்கு.

இரைப்பைக்குப் பின்னால் இருக்கும் சுரப்பி கணையம். இன்சுலினும் சீரண நீரும் அங்கே சுரக்கின்றன. சீரண நீரிலுள்ள டிரிப்சின் போன்ற நொதிகள் குடலுக்குப் போன பிறகே வேலையைத் தொடங்க வேண்டும். கணையத்துக்குள்ளேயே தொடங்கிவிட்டால் அது தன்னையே அரித்துக்கொள்ளும். இதுவே கணைய அழற்சி. பித்தக்கல்லும் மதுவும் முக்கியக் காரணங்கள். தோட்டப்புறங்களைச் சீரழித்த சம்சுவும் மதுதான். இரத்தத்தில் டிரைகிளிசரைடு கொழுப்பு மிதமிஞ்சி ஏறினாலும் வரும்.

மஞ்சளுக்கு நிறம் தரும் குர்குமின், உயிரணுக்களில் அழற்சியைத் தூண்டும் சமிக்ஞைகளை அடக்குகிறது. 2003இல் வெளியான அமெரிக்க ஆய்வில், கணைய அழற்சி உண்டாக்கப்பட்ட எலிகளுக்குக் குர்குமின் கொடுத்தபோது பாதிப்பு குறைந்தது. ஆனால் அது வாய்வழி கொடுக்கப்படவில்லை, இரத்தக் குழாயில் ஏற்றப்பட்டது. அழற்சியை உண்டாக்கும்போதே மருந்தும் போனது. வலி வந்த பிறகு மருந்து தேடும் மனிதரின் நிலை வேறு.

மனிதரிடம் நடந்த சோதனை நம் உறவுகள் வாழும் தென்னிந்தியாவில்தான். கேரளாவிலும் தமிழ்நாட்டிலும் மது அருந்தாத இளவயதினருக்கும் கணையத்தில் கல் கட்டி, தீராத வலியும் இனிப்பு நீரும் வருவதுண்டு. இதை வெப்பமண்டலக் கணைய அழற்சி என்பார்கள். கர்நாடகாவின் மணிபால் மருத்துவர்கள் இந்நோயாளிகள் 20 பேரைப் பிரித்து, ஒரு பிரிவுக்கு 500 மில்லிகிராம் குர்குமினுடன் 5 மில்லிகிராம் மிளகுச் சத்தான பைப்பரின் கலந்து 6 வாரம் கொடுத்தார்கள். மறு பிரிவுக்கு வெற்று மாத்திரை. 2005இல் வெளியான முடிவின்படி, இரத்தத்தில் ஆக்சிஜனேற்றச் சேதத்தைக் காட்டும் அளவு குறைந்தது. வலி குறையவில்லை. நோயாளி தேடுவதோ வலி நிவாரணத்தை.

மிளகு சேர்த்ததற்குக் காரணம் உண்டு. குர்குமின் தனியாகக் குடலில் சரியாக உறிஞ்சப்படுவதில்லை. பைப்பரின் சேர்ந்தால் இரத்தத்தில் அதன் அளவு பல மடங்கு கூடுவதை 1998இல் பெங்களூரு ஆய்வாளர்கள் காட்டினார்கள். ரசத்தில் மிளகும் மஞ்சளும் சேர்வது பழைய வழக்கம். சமையல் அளவில் அதனால் பயமில்லை.

மாத்திரை அப்படியல்ல. மஞ்சளில் குர்குமின் நூற்றுக்குச் சுமார் 3 பங்கு மட்டுமே. மாத்திரையில் அது செறிவாக இருக்கிறது. அதிக அளவு மஞ்சள் மாத்திரை, குறிப்பாக மிளகுச் சத்து சேர்ந்தது, சிலருக்குக் கல்லீரலைப் பாதித்திருப்பது பல நாடுகளில் பதிவாகியுள்ளது. இன்னொன்று, குர்குமின் பித்தப்பையைச் சுருங்க வைக்கும். பித்தக்கல் உள்ளவருக்கு அந்தக் கல் நகர்ந்து குழாயை அடைத்தால், தடுக்க நினைத்த கணைய அழற்சியே வரக்கூடும். இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் எடுப்பவர்களும் மருத்துவரைக் கேட்காமல் தொடக்கூடாது. வாங்கும் பொருளில் சுகாதார அமைச்சின் மால் பதிவு எண் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

மேல் வயிற்றில் தொடங்கி முதுகுக்குப் பாயும் கடும் வலியும் வாந்தியும் வந்தால், கேஸ்ட்ரிக் என்று நினைத்து வீட்டில் கஷாயம் வைத்துக் காத்திருப்பது ஆபத்து. காஜாங் மருத்துவமனை போன்ற அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். இரத்தத்தில் அமைலேஸ் அல்லது லைபேஸ் நொதி இயல்பின் மேல் வரம்பைவிட 3 மடங்குக்கு மேல் இருப்பது நோயைக் காட்டும் முக்கிய அடையாளம். டிரிப்பும் வலி மருந்தும் உடனே தரப்படும். காரணம் பித்தக்கல் என்றால் பித்தப்பையை அகற்ற வேண்டிவரும். எடுத்துவந்த மாத்திரைகளின் பெயரை, மூலிகையாக இருந்தாலும், அங்கே மறைக்காமல் சொல்ல வேண்டும்.