வாவியும் கண்டலும்

மட்டக்களப்பு என்னும் பெயரினுள்ளேயே களப்பு இருக்கின்றது. ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கும் இவ்வாவியே நம் முன்னோர்க்குச் சோறும் கறியும் ஈந்தது. மீன்பாடும் தேனாடு என்ற புகழையும் தந்தது. ஆயின், அதன் கரையைத் தாங்கி நின்ற கண்டற் காட்டின் சரித்திரத்தை நம்மிற் பலர் அறியோம்.

கண்டல் என்பது உவர்நீர்ச் சேற்றில் வேரூன்றும் மரக்கூட்டம். இறாலும் நண்டும் மீன்குஞ்சும் அதன் வேரிடையே வளரும். சிதம்பரத்துக்குத் தில்லை என்று பெயர் தந்த மரமும் இக்கூட்டத்தைச் சேர்ந்ததே.

இன்று உலகம் கண்டலை நாடுவதற்குக் காரணம் யாது? 1958இல் ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலையில் அளக்கத் தொடங்கியபோது, பத்து இலட்சம் பங்கு காற்றில் காபனீரொட்சைட்டு ஏறத்தாழ 315 பங்கு இருந்தது; 2024இல் அது 420ஐக் கடந்துவிட்டது. மரங்கள் அவ்வாயுவை உண்டே இலையும் தண்டும் ஆக்குகின்றன. மேட்டுநிலத்தில் விழும் சருகு விரைவில் உக்க, அவ்வாயு மீண்டும் காற்றிற் கலக்கும். கண்டற் சேற்றிலோ பிராணவாயு அரிது. ஆதலால் சருகும் வேரும் மெல்லவே உக்கும். காபன் நெடுங்காலம் சேற்றினுள் அடங்கிக் கிடக்கும். கண்டலை அழித்துச் சேற்றைக் கிளறினால், அடங்கிக் கிடந்தது வெளியேறும்.

காட்டைக் காக்கும் சட்டம் இலங்கைக்குப் புதிதன்று. 1907ஆம் ஆண்டிலேயே வனக் கட்டளைச் சட்டம் பிறந்தது. ஆயினும் விறகுக்கும் இறாற் பண்ணைக்கும் கண்டல் வெட்டப்பட்டது. போர்க்காலத்திற் பாதுகாப்பின் பேராலும் கரைகள் மொட்டையாயின. 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை வந்த பின்னரே பலரும் கண்டலின் அருமையை நினைந்தனர். நாட்டின் பல கரைகளிலும் கன்றுகள் நடப்பட்டன.

பலன் என்ன? 2017இல் வெளியான ஆய்வொன்று கூறுவது கேண்மின்: இலங்கையில் 1000 முதல் 1200 ஹெக்டேயர் வரை நட்டதில், 200 முதல் 220 ஹெக்டேயரே தேறியது. ஆராய்ந்த 23 இடங்களுள் ஒன்பதில் ஒரு கன்றேனும் எஞ்சவில்லை. நீர்மட்டம் பாராது, இடத்துக்கேற்ற இனம் தேராது நட்டமையும், நட்டபின் கவனியாமையுமே பெருங் காரணங்கள்.

2015இல் நாட்டின் கண்டற் காடுகள் முழுவதையும் காக்கும் திட்டம் தொடங்கியது. 2024இல் ஐக்கிய நாடுகள் சபை இலங்கையின் கண்டல் மீட்புப் பணியை உலகிற்கு முன்மாதிரிகளுள் ஒன்றாக ஏற்றுக்கொண்டது. இது நமக்குப் பெருமை, பொறுப்பும் ஆகும்.

வாலிப நண்பர்களே! மரம் நடுவதால் மட்டும் உலகின் புகை முழுவதையும் ஈடுசெய்தல் இயலாது. எனினும் நம் வாவிக்கரை நம் கையிலுள்ளது. நிற்கும் கண்டலைக் காப்பது முதற் கடன். நடுவது அதன் பின்னரே. சிரமதானத்தன்று கன்று நடுவோர் பலர். மூன்றாம் ஆண்டில் அக்கன்றைப் போய்ப் பார்ப்போர் சிலர். அச்சிலருள் நாமும் ஒருவராவோமாக.