கொழும்புக் கோட்டை வெளிச்சவீடும் நிழற்படச் சான்றும்

கடலோடிகளுக்கு வழிகாட்ட உயர்ந்த இடத்தில் ஒளியேற்றி வைக்கும் வழக்கம் தமிழருக்குப் புதியதன்று. சிலப்பதிகாரத்தில் வரும் கலங்கரை விளக்கம் என்னுந் தொடர் கலங்களை அழைக்கும் விளக்கம் எனப் பொருள்படும். கரைதல் என்பது அழைத்தல். ஈழத்துப் பேச்சு வழக்கில் அதுவே வெளிச்சவீடு எனப்படுகின்றது. விளக்கின் அழைப்பை ஏற்றுக் கலங்கள் பெருகுமாயின் துறை நகரமாகும். நகரம் பெருகியபின் விளக்கின் நிலை யாதாகும்? இவ்வினாவுக்குக் கொழும்புக் கோட்டையிலுள்ள பழைய வெளிச்சவீடு விடை தருகின்றது. அவ்விடையைக் கண்கூடாகக் காட்டுவன, வெவ்வேறு காலங்களில் அதனைப் பதிவுசெய்த நிழற்படங்களாகும்.

வெளிச்சவீடென்றதும் கடல்முனையிலே தனித்து நிற்கும் கோபுரமே பலர்க்கும் நினைவில் எழும். 1889ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற தெய்வேந்திரமுனை வெளிச்சவீடு அத்தகையது. கொழும்புக் கோட்டையிலுள்ளதோ கடலோரத்தில் நில்லாது, பழைய இராணி வீதியும் சதாம் வீதியும் சந்திக்கும் இடத்திலே நிற்கின்றது. இராணி வீதி இன்று ஜனாதிபதி மாவத்தை எனப் பெயர் பெற்றுள்ளது. வெளிச்சவீடு நகரின் நடுவில் நிற்பதற்குக் காரணம் அதன் பிறப்பிலேயே உண்டு. அது முதலில் வெளிச்சவீடாக எழுப்பப்பட்டதன்று. மணிக்கூட்டுக் கோபுரமாக எழுப்பப்பட்டதாகும்.

1855 முதல் 1860 வரை இலங்கையின் தேசாதிபதியாக இருந்தவர் சேர் ஹென்றி ஜோர்ஜ் வாட். அவருடைய மனைவியாகிய எமிலி எலிசபெத் வாட் பெருமாட்டியே இக்கோபுரத்தின் வடிவத்தை வரைந்தவர். கோபுரம் 1857ஆம் ஆண்டில் நிறைவுற்றது. ஏறத்தாழ 29 மீற்றர் உயரமுடைய அது அக்காலக் கொழும்பின் கட்டடங்கள் யாவற்றினும் உயர்ந்து நின்றது. சுற்றிலும் ஒல்லாந்தர் காலத்து வழிவந்த தாழ்ந்த ஓட்டு வீடுகளும் பூவரச மரங்களுமே இருந்தன. ஆதலின் அதன் உச்சியிலிருந்து கடல் தடையின்றித் தோன்றிற்று. கடலிலிருந்து அதன் உச்சியும் அவ்வாறே தோன்றிற்று. மணிக்கூடு அமைந்து ஏறத்தாழப் பத்தாண்டுகள் கழிவதற்குள் உச்சியிலே விளக்கறை ஒன்றும் அமைக்கப்பட்டது. நகரத்தார்க்கு நேரத்தையும் கடலோடிகளுக்குத் திசையையும் ஒரே கோபுரம் உணர்த்தலாயிற்று.

அவ்விளக்கு ஏற்றப்பட்ட காலத்தை அடுத்துத் துறைமுகத்தின் நிலை விரைந்து மாறியது. 1869இல் சுயெஸ் கால்வாய் திறக்கப்பட்டது. கோட்டையின் பழைய மதில்கள் இடிக்கப்படத் தொடங்கியதும் அக்காலத்திலேயாம். 1875 டிசம்பரிலே வேல்ஸ் இளவரசர் கொழும்புத் துறைமுக அலைதடுப்பணைக்கு அடிக்கல் நாட்டினார். 1885இல் அது நிறைவெய்தியது. காலித் துறைமுகத்தை நாடிய நீராவிக் கப்பல்கள் கொழும்பை நாடலாயின. கப்பல்களோடு வணிகம் வந்தது. வணிகத்தோடு மாடிக் கட்டடங்கள் வந்தன. 1875இல் கிராண்ட் ஓரியண்டல் விடுதியும் 1906இல் காகில்ஸ் மாளிகையும் எழுந்தன. அவற்றைத் தொடர்ந்து வங்கிகளும் வணிக நிலையங்களும் நெருங்கி உயர்ந்தன. ஈற்றில் கோபுரத்தின் ஒளி கட்டடங்களாற் கடலுக்கு மறைந்தமையால் 1952இல் விளக்கு நிறுத்தப்பட்டது. ஒளி அழைத்த செல்வமே ஒளியை மறைத்தது எனலாம்.

இம்மாற்றத்தை ஆண்டுக் கணக்கால் அறிதல் ஒருவகை. நிழற்படத்தாற் காணுதல் மற்றொருவகை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கொழும்பிலே தொழில் நடத்திய நிழற்படக் கலைஞர்கள் இராணி வீதியைப் பலமுறை பதிவுசெய்தனர். 1890இல் தொடங்கிய பிளாட்டே நிறுவனத்தின் அஞ்சலட்டைகள் வாயிலாக இக்கோபுரத்தின் உருவம் கடல்கடந்தும் சென்றது. முற்காலப் படங்களிற் கோபுரமே காட்சியை ஆள்கின்றது. மரங்களும் கூரைகளும் அதன் அடியில் ஒடுங்குகின்றன. பிற்காலப் படங்களிலோ அது மாடிச் சுவர்களுக்கு இடையில் வீதியின் ஓர் உறுப்பாகிவிடுகின்றது. இன்று அதனை முழுமையாகப் படம் பிடிக்க விரும்புவோர் வீதி நெடுக விலகி நின்றோ, படப்பெட்டியை மேல்நோக்கிச் சாய்த்தோ பிடிக்க வேண்டியுள்ளது. கடலையும் கோபுரத்தையும் வீதியில் நின்று ஒரே சட்டத்துள் அடக்குதல் அரிது. அவ்வருமையே அதன் வரலாற்றைச் சுருங்கச் சொல்லிவிடுகின்றது.

படத்திலுள்ள சிறு குறிகளும் சான்றாவன. விளக்கறை காணப்படாத படம் விளக்கு அமைவதற்கு முற்பட்டது. இராணி வீதி என்னும் பெயரைத் தாங்கிய அஞ்சலட்டை அப்பெயர் வழங்கிய காலத்தின் வழக்கைக் காட்டும். படம் இல்லாமையும் ஒரு சான்றே. போர்க்காலத்தில் இப்பகுதி உயர் பாதுகாப்பு வலயத்துள் நெடுநாள் அடங்கியிருந்தமையால், பொதுமக்கள் அங்கே சென்றுவருதலும் படம் பிடித்தலும் கட்டுப்படுத்தப்பட்டிருந்தன. குடும்பச் சேகரிப்புகளில் அக்காலத்துக்குரிய ஏடு வெறுமையாக இருப்பின், அவ்வெறுமையும் நாட்டின் வரலாற்றைக் கூறும்.

பழைய விளக்கு நிறுத்தப்பட்ட அதே 1952இல், கோட்டையின் மேற்குக் கரையிலே கால்பக் என்னுமிடத்திற் புதிய வெளிச்சவீடு அமைந்தது. அடித்தளத்தின் மூலைகளிற் சிங்க உருவங்களைக் கொண்ட அக்கோபுரம் கடலை நேரே நோக்கி நின்றது. முன்னையதற்கு நேர்ந்த இடையூறு இதற்கு நேராதென்றே கண்டோர் கருதியிருப்பர். ஆயின் 2014இல் தொடங்கிய துறைமுக நகரத் திட்டத்தால் அதன் முன்பக்கக் கடலில் 269 ஹெக்டேயர் நிலம் உருவாக்கப்பட்டது. முன்னையதைக் கட்டடங்கள் மறைத்தன. பின்னையதன் முன்னே நிலமே எழுந்தது. அலைகள் அதன் அருகே மோதும் பழைய படங்கள் இனி எடுக்க இயலாத படங்களாகும்.

இவ்விரு கோபுரங்களாலும் அறியத்தக்கது ஒன்றுண்டு. கட்டடம் அழியாது நிற்பினும் அதன் சூழல் அழியக்கூடும். சூழல் அழிந்தால் அக்கட்டடம் அவ்விடத்தில் ஏன் நிற்கின்றது என்பது விளங்காமற் போகும். ஆதலின் ஒரு வெளிச்சவீட்டைப் படம் பிடிப்போர் அதன் அழகிய உருவத்தை மட்டும் வெட்டியெடுத்தல் போதாது. அதனைச் சூழ்ந்த வீதி, கூரை, மரம், கரை ஆகியனவும் படத்துள் அமைதல் வேண்டும். எடுத்த நாளும் நின்ற இடமும் பின்புறத்திற் குறிக்கப்படல் வேண்டும். பருத்தித்துறையில் 1916இல் எழுந்த வெளிச்சவீடு வடபுல மாணவர்க்கு அண்மையிலுள்ளது. அதன் பழைய படங்கள் எத்தனை இல்லங்களில் நாளும் இடமும் குறிக்கப்படாமல் மங்கிக் கிடக்கின்றனவோ! அவற்றை எடுத்தோரும் அவற்றில் நிற்போரும் உயிரோடிருக்கும்போதே கேட்டெழுதி வைத்தல் மாணவர் கைக்கு எட்டிய வரலாற்றுப் பணியாகும்.