என்.ஏ.டி. 3020 ஆம்ப்ளிஃபயர்

என்.ஏ.டி. 3020 என்பது 1978-ஆம் ஆண்டு அறிமுகமான, வீட்டில் இசை கேட்பதற்கான ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயர். இடது, வலது ஆகிய இரு தடங்களுக்கும் தலா 20 வாட் மட்டுமே தரும் எளிய கருவி இது. மங்கிய சாம்பல் நிறப் பெட்டியும் பிளாஸ்டிக் பொத்தான்களும் கொண்ட இதன் தோற்றத்தில் கவர்ச்சி எதுவும் இல்லை. ஆயினும் உலகில் மிக அதிகமாக விற்பனையான ஹை-ஃபை ஆம்ப்ளிஃபயர்களில் இதுவும் ஒன்று. அக்காலத்தில் வாங்கப்பட்டவற்றுள் பல இன்றும் பாடிக்கொண்டிருக்கின்றன. குறைந்த பணத்தில் நெடுநாள் உழைக்கும் ஆம்ப்ளிஃபயரை எப்படித் தேர்ந்தெடுப்பது என்ற கேள்விக்கு இதன் வரலாற்றில் பயனுள்ள விடைகள் உள்ளன.

பின்னணி: வாட் போட்டி

இரு தடங்கள் கொண்ட ஸ்டீரியோ இசைத்தட்டுகள் 1950-களின் பிற்பகுதியில் கடைகளுக்கு வந்தன. அப்போது ஆம்ப்ளிஃபயர்கள் வால்வுகளால் இயங்கின. அடுத்த பத்தாண்டில் டிரான்சிஸ்டர் அந்த இடத்தைப் பிடித்தது. டிரான்சிஸ்டரைக் கொண்டு அதிக வாட் தருவது வால்வைவிட எளிது. எனவே விளம்பரங்களில் வாட் எண்ணிக்கை ஏறத் தொடங்கியது. ஒரு நொடிக்கும் குறைவான நேரத்தில் கிடைக்கும் உச்ச அளவை 'இசைத்திறன்', 'உச்சத்திறன்' என்ற பெயர்களில் அச்சிட்டு, சாதாரணக் கருவியைப் பெரிய கருவியாகக் காட்டும் வழக்கம் பரவியது.

அமெரிக்காவின் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் 1974-இல் இதற்கு விதி வகுத்தது. ஆம்ப்ளிஃபயரின் திறனைக் குறிப்பிடும்போது, தொடர்ந்து தரக்கூடிய வாட் எவ்வளவு, எத்தனை ஓம் சுமையில், எந்த அதிர்வெண் வரம்பில், எவ்வளவு திரிபுடன் என்ற விவரங்களையும் சொல்ல வேண்டும் என்றது. அளப்பதற்கு முன் ஒரு மணி நேரம் மூன்றில் ஒரு பங்கு திறனில் கருவியை ஓட்டிச் சூடாக்க வேண்டும் என்றும் விதித்தது. பொய்க்கணக்கு இதனால் பெரிதும் குறைந்தது. ஆனால் வாங்குபவர் வாட்டை மட்டுமே பார்க்கும் பழக்கம் குறையவில்லை. ஆய்வுக்கூடத்தில் 8 ஓம் மின்தடையை இணைத்து அளக்கும்போது நல்ல எண் வந்தால் போதும் என்று சில நிறுவனங்கள் வடிவமைத்தன.

வீட்டில் இணைக்கப்படுவது மின்தடை அல்ல, ஸ்பீக்கர். '8 ஓம்' என்று எழுதப்பட்ட ஸ்பீக்கரின் மின்மறுப்பு அதிர்வெண்ணுக்கு ஏற்ப மாறும். சில இடங்களில் 4 ஓமுக்கு அருகிலும் இறங்கும். அப்போது அது அதிக மின்னோட்டத்தை இழுக்கிறது. அதைத் தர இயலாத ஆம்ப்ளிஃபயர் தாளில் 50 வாட் காட்டினாலும் திணறும்.

தோற்றமும் வடிவமைப்பும்

என்.ஏ.டி. நிறுவனம் 1972-இல் லண்டனில் மார்ட்டின் போரிஷ் என்பவரால் தொடங்கப்பட்டது. 3020-ஐ வடிவமைத்தவர் நார்வே நாட்டுப் பொறியாளர் எரிக் எட்வர்ட்சன். தயாரிப்பு தைவானில் நடந்தது. விலை குறைந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

எட்வர்ட்சன் வாட் போட்டியில் இறங்கவில்லை. 20 வாட் என்ற சிறிய எண்ணை ஏற்றுக்கொண்டு, ஸ்பீக்கர் கேட்கும் மின்னோட்டத்தைத் தடையின்றித் தருவதில் செலவிட்டார். தொடர்ந்து 20 வாட் தரும் இக்கருவி, முரசின் அடி போன்ற கணநேர உச்சங்களில் அதைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு தரும். மின்மறுப்பு குறைந்த ஸ்பீக்கர்களிலும் அது சோர்ந்துபோவதில்லை.

20 வாட் போதுமா என்று மாணவர் கேட்கலாம். கணக்கு எளிது. 1 வாட் கொடுத்தால் 1 மீட்டர் தூரத்தில் 88 டெசிபல் ஒலி தரும் ஸ்பீக்கரை எடுத்துக்கொள்வோம். திறனை ஒவ்வொரு முறை இரட்டிப்பாக்கும்போதும் 3 டெசிபல் கூடும். 20 வாட்டில் 101 டெசிபல் வரும். இயல்பான உரையாடல் சுமார் 60 டெசிபல்தான். காதுக்கு ஒலி இரு மடங்காகத் தோன்ற 10 டெசிபல் கூட வேண்டும்; அதற்குப் பத்து மடங்கு திறன், அதாவது 200 வாட் தேவை. ஆகவே 20 வாட் கருவிக்கும் 30 வாட் கருவிக்கும் உள்ள வேறுபாடு காதுக்கு மிகச் சிறியது. விலைச்சீட்டில்தான் அது பெரிதாகத் தெரியும்.

அளவுக்கு மீறி ஒலியைக் கூட்டும்போது, எந்த ஆம்ப்ளிஃபயரிலும் மின்னலையின் தலைப்பகுதி வெட்டுப்பட்டுத் தட்டையாகும். அப்படி வெட்டுப்பட்ட அலையில் உயர் அதிர்வெண்கள் மிகுவதால், ஸ்பீக்கரின் சிறிய உயர்சுர அலகு எரிந்துபோக வாய்ப்புண்டு. பெரிய ஆம்ப்ளிஃபயர்தான் ஸ்பீக்கரைக் கெடுக்கும் என்று பலர் எண்ணுகிறார்கள். திணறும் சிறிய ஆம்ப்ளிஃபயரும் கெடுக்கும். 3020-இன் பின்புறம் இதற்கென ஒரு சுவிட்ச் இருந்தது. அதைப் போட்டால் அலை முனை கூர்மையாக வெட்டுப்படாமல் மெல்ல வளையும். விருந்து நாட்களில் இளைஞர்கள் ஒலியை எங்கே வைப்பார்கள் என்பதை அறிந்து செய்த ஏற்பாடு போலும்!

பின்புறத்தில் முன்நிலைப் பகுதியையும் திறன் பகுதியையும் இணைக்கும் சிறு கம்பிகள் இருந்தன. அவற்றைக் கழற்றினால் இரண்டையும் தனித்தனியாகப் பயன்படுத்தலாம். பணம் சேர்ந்த பிறகு பெரிய திறன் ஆம்ப்ளிஃபயர் ஒன்றை வாங்கி இதனுடன் இணைக்கலாம். பழையதைத் தூக்கி எறிய வேண்டியதில்லை.

நீண்ட ஆயுளின் காரணங்கள்

இதன் திறன் டிரான்சிஸ்டர்கள் 2என்3055, எம்ஜே2955 என்ற இணை. இவை உலோக மூடியிட்ட, வெப்பம் தாங்கும் வகை. விலை மலிவு, பல நிறுவனங்கள் தயாரித்தவை. தமிழ்நாட்டின் ரேடியோ மெக்கானிக்குகளுக்கு 2என்3055 மிகப் பழகிய எண். கடைகளுக்கும் விழாக்களுக்கும் இங்கேயே பூட்டித் தரப்பட்ட செட்டுகள் பலவற்றில் அதுதான் இருந்தது. சென்னை ரிச்சி தெரு போன்ற இடங்களில் கேட்டால் கிடைக்கும் உறுப்பு ஒரு கருவியில் இருப்பதே அதன் ஆயுளைக் கூட்டுகிறது.

இதற்கு நேர்மாறானது, முழுச் சுற்றையும் ஒரே கட்டியில் அடக்கிய கலப்பு ஐ.சி. வகை. அவ்வகை ஆம்ப்ளிஃபயர்களும் நன்றாகப் பாடியவையே. ஆனால் அந்த ஐ.சி.யின் உற்பத்தி நின்றுவிட்டால் கருவியும் நின்றுவிடும். சந்தையில் கிடைப்பவற்றில் போலிகளும் கலந்திருக்கின்றன.

3020 குறையற்றதும் அல்ல. பெட்டியும் பொத்தான்களும் உறுதியானவை அல்ல. சுவிட்சுகளின் தொடுமுனைகள் காலப்போக்கில் மங்கி, ஒரு பக்கம் ஒலி விட்டுவிட்டு வரும். ஒலி திருகியில் தூசி சேர்ந்தால் கரகரப்பு எழும். மின்பகு மின்தேக்கிகள் உள்ளே உலர்ந்து இரைச்சலைத் தரும். இது எல்லா ஆம்ப்ளிஃபயர்களுக்கும் பொது. இயங்கும் வெப்பம் 10 டிகிரி குறைந்தால் மின்தேக்கியின் ஆயுள் சுமார் இரு மடங்காகும் என்பது மின்னணுத் துறையின் நடைமுறைக் கணக்கு. ஆம்ப்ளிஃபயரின் மேல் துணி விரிப்பதும், மூடிய அலமாரிக்குள் வைப்பதும் தவறு என்பது இதனால்தான். மேற்சொன்ன பழுதுகள் அனைத்தும் சாதாரணப் பட்டறையில் சரிசெய்யக் கூடியவை.

பழைய கருவியை வாங்குபவர், ஸ்பீக்கர் முனைகளில் நேர்மின்னழுத்தம் சில பத்து மில்லிவோல்ட்டுக்குள் இருக்கிறதா என்று மீட்டர் வைத்துப் பார்க்க வேண்டும். வோல்ட் கணக்கில் இருந்தால் திறன் பகுதி பழுதடைந்திருக்கிறது. ஸ்பீக்கரை இணைக்கக் கூடாது. திருகியின் கரகரப்பைக் காட்டி விலையைக் குறைக்கச் சொல்லலாம். மின்மாற்றி எரிந்திருந்தால் எவ்வளவு மலிவானாலும் விட்டுவிடுவது நல்லது.

பின்வந்த வடிவங்கள்

3020ஏ, 3020பி, 3020இ, 3020ஐ என்று சிறு மாற்றங்களுடன் இது தொடர்ந்து வெளிவந்தது. ஒலித் திருத்தத் திருகிகள் இல்லாத 3120 என்ற வடிவமும் இருந்தது. 2013-இல் அதே எண்ணைத் தாங்கி டி 3020 வந்தது. இது இலக்க உள்ளீடுகளும் புளூடூத்தும் கொண்டு, தலா 30 வாட் தரும் டி வகை ஆம்ப்ளிஃபயர். சிறியது, குறைவாகவே சூடாவது. ஆனால் அதன் பலகையைத் திறந்தால் 2என்3055 இருக்காது.