கூதிர்க்காலத் தரங்கம்பாடி

மும்பையில் ஆனியில் தொடங்கும் மழை புரட்டாசியில் ஓய்ந்துவிடுகிறது. மார்கழியும் தையும் இந்நகரத்தார்க்கு இன்பப் பயணக் காலம். அலிபாகிலும் முரூடிலும் அந்நாளில் இடம் கிடைப்பது அரிது. சோழநாட்டுக் கடற்கரையிலோ பருவம் தலைகீழ். கூதிர் என்று நம் முன்னோர் வழங்கிய ஐப்பசியும் கார்த்திகையும் அங்கே அடைமழைக்கும் புயலுக்கும் உரியவை. மாதுங்காவிலும் தாராவியிலும் செம்பூரிலும் வாழும் நம்மவர், பிள்ளைகளின் விடுமுறையை ஒட்டி மே மாதத்தில் ஊர் செல்பவர்கள். ஆதலின் தரங்கம்பாடியைக் கண்டவர்களும் கோடையில் மட்டுமே கண்டிருப்பர். நான் சென்றது ஒரு கார்த்திகையில். அவ்வூரை ஆக்கியதும் அழித்ததும் இந்தக் கூதிர்க்காலமே என்பது என் துணிபு.

மயிலாடுதுறையிலிருந்து பேருந்தில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். 1792இல் கட்டிய நகரவாயிலைக் கடந்தால் நேரே கடல். தெருவில் ஆள் நடமாட்டம் இல்லை. டேனிஷ் கோட்டையில் சீட்டுக் கொடுப்பவரையும் மழைக்கு ஒதுங்கிய இரண்டு ஆடுகளையும் தவிர எவரும் இல்லை. உள்ளே தொல்லியல் துறையின் அருங்காட்சியகத்தை அவசரமின்றிப் பார்க்க முடிந்தது. 'ஓசோன்' மிகுந்த காற்று என்று இவ்வூர்க் காற்றைப் புகழ்வார் உண்டு. கார்த்திகைக் காற்றுக்கு அத்தகைய விளம்பரம் வேண்டுவதில்லை, குடையைப் பறித்துக்கொண்டு தன்னைத் தானே அறிமுகம் செய்துகொள்கிறது.

தஞ்சை இரகுநாத நாயக்கருக்கும் டென்மார்க் மன்னர் நான்காம் கிறிஸ்டியனின் தூதரான ஓவ கெட்டேக்கும் உடன்படிக்கை ஏற்பட்டது 1620ஆம் ஆண்டு நவம்பரில்; அதாவது இதே மழைக்காலத்தில். மிளகும் துணியும் நாடி வந்தவர்கள் கோட்டை கட்டினர். ஆனால் கப்பல் ஒதுங்குவதற்கு அங்கே துறைமுகம் இல்லை. கப்பல்கள் திறந்த கடலிலேயே நங்கூரமிட்டு நிற்கும். பலகைகளைக் கயிற்றால் தைத்துச் செய்த மசூலாப் படகுகளும் கட்டுமரங்களும் அலைகளைத் தாண்டிச் சென்று சரக்கை ஏற்றி இறக்கும். சோழமண்டலக் கரை முழுவதும் இதே நிலைதான். வடகிழக்குக் காற்று எழுந்துவிட்டால் அங்கே நிற்கும் கப்பலுக்குப் புகலிடம் இல்லை. சென்னைக் கோட்டையில் ஒரு காலத்தில் அக்டோபர் 15ஆம் நாள் கொடியை இறக்கிவிடுவர். டிசம்பர் 15 வரை நங்கூரமிடுவது ஆபத்து என்பதற்கு அது அடையாளம். அதனைப் பொருட்படுத்தாமல் தங்கியவர்கள் பட்டது பெரிது. 1746இல் சென்னையைக் கைப்பற்றிய பிரெஞ்சுத் தளபதி லபூர்தொனேயின் கப்பல்கள், அவ்வக்டோபர்ப் புயலில் ஒரே இரவில் சிதறுண்டன.

அப்படியாயின் ஆங்கிலக் கடற்படை அம்மாதங்களில் எங்கே சென்றது? இங்கேதான், பம்பாய்க்கு! இயற்கைத் துறைமுகம் இருந்தது. 1750இல் உலர்துறை கட்டப்பட்டது. லவ்ஜி நசர்வான்ஜி வாடியா முதலிய பார்சித் தச்சர்களின் கைத்திறனும் இருந்தது. 1782இல் திரிகோணமலையைப் பிரெஞ்சுக்காரரிடம் இழந்து நின்ற தளபதி ஹியூஸ், மழைக்காலம் வந்ததும் தம் கப்பல்களைப் பழுதுபார்க்கப் பம்பாய்க்கே கொண்டுவந்தார். நாம் பிழைக்க வந்த இந்நகரின் ஆக்கத்தில் நம் கரையின் புயலுக்கும் ஒரு பங்கு உண்டு என்பதை இங்குள்ள தமிழர் பலர் எண்ணிப் பார்த்திரார்.

1706இல் வந்த சீகன்பால்கு, சிறுவர்களோடு அமர்ந்து மணலில் எழுதித் தமிழ் கற்றவர். அவருடைய அச்சுக்கூடமும் கப்பலின் வரவை நம்பியே நடந்தது. ஜெர்மனியின் ஹாலேயிலிருந்து வந்த தமிழ் எழுத்துகள் பெரியனவாயிருந்தமையால் தாள் விரைவில் தீர்ந்தது. அடுத்த தாள் கடல் கடந்து வரவேண்டும் அன்றோ? எனவே சிறிய எழுத்துகளை இங்கேயே வார்த்தனர்; 1715இல் புதிய ஏற்பாடு அச்சாகி நிறைவுற்றது. அடுத்துள்ள பொறையாற்றில் காகித ஆலையும் அமைத்தனர்.

1845இல் வங்கத்தின் சீராம்பூரோடு சேர்த்துப் பன்னிரண்டரை இலட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயர் இவ்வூரை வாங்கினர். 1861இல் நாகப்பட்டினத்துக்கும் தஞ்சைக்கும் இருப்புப்பாதை அமைந்தது; வாணிகம் அவ்வழியே போயிற்று. தரங்கம்பாடிக்கு இரயில் வந்தது 1926இல். 1986இல் அதுவும் நின்றது.

இன்று அவ்வூரில் கடலை நம்பி வாழ்பவர் மீனவரே. நமக்கு வசதியான கோடை அவர்களுக்கு ஓய்வுக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. கோடையில் செல்பவர் நின்ற படகுகளைக் கண்டு திரும்புவர். நான் சென்றபோதும் புயல் எச்சரிக்கையால் படகுகள் கரையேறியிருந்தன. வலையைச் செப்பனிட்டுக்கொண்டிருந்த முதியவர் ஒருவர், "மழை காலத்துல வந்திருக்கீங்களே, பாக்க என்ன இருக்கு?" என்றார். 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள், மார்கழிக் காலையில், ஆழிப்பேரலை புகுந்த கரை அது. அதைப் பற்றி நான் அவரிடம் கேட்கவில்லை.

கோட்டைக்கு அருகே மாசிலாமணிநாதர் கோயில், பாண்டியன் மாறவர்மன் குலசேகரன் காலத்தது. அதன் முன்பகுதியைக் கடல் கொண்டுவிட்டது. கோடையில் அலை தள்ளி நிற்பதால், அதனைப் பழைய கதையாகவே கேட்கத் தோன்றும். கார்த்திகையில், கரைக்காகக் கொட்டியுள்ள கருங்கற்களின் மேல் அலை ஏறி, எஞ்சிய சுவரை நனைத்துக்கொண்டிருந்தது.